சொறியாமல் இருபது நிமிஷம்

இருபது நிமிஷம்தானாம். கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதுமாம். ஸிஸ்டர் ரெஜினா அதைச் சொன்ன தோரணையைப் பார்த்தால் எனக்கு ஏதோ ஓய்வு கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. "சொறிஞ்சிராதீங்க மேடம். சொறிஞ்சா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துரும், திரும்ப முதல்லேர்ந்து குத்தணும்." சொறியவில்லை. சொறிவேன் என்று யார் சொன்னது? இடது முன்னங்கை மேசைமேல் மல்லாந்து கிடக்கிறது. மணிக்கட்டுக்கு மேலிருந்து முழங்கை மடிப்பு வரை நீலப் பேனாவால் ஒன்று முதல் எட்டு வரை எழுதி, ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் ஒரு சொட்டு விட்டு, சொட்டுக்குள் ஊசி முனையால் ஒரு குத்து. ஒன்று வெறும் உப்புத் தண்ணீர். இரண்டு ஹிஸ்டமின், அரிப்பை உண்டாக்குகிற சரக்கு. மூன்று வீட்டுத் தூசியில் வாழும் பூச்சி, நான்கு கரப்பான், ஐந்து இறால், ஆறு கத்திரிக்காய், ஏழு பார்த்தீனியச் செடியின் மகரந்தம். எட்டு எலி. கத்திரிக்காய் என் வீட்டுக்காரர் கேட்டுச் சேர்த்தது. இந்த ஒரு வாரமாக நான் உடம்பெல்லாம் தடித்துத் தடித்து எழுந்ததற்கு அவர் கண்டுபிடித்த காரணம் கத்திரிக்காய். அலர்ஜி சோதனைக்கு ஏழு நாள் முன்பே அரிப்பு மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், அதனால்தான் தடிக்கிறது என்று நான் விளக்கியதையெல்லாம் கேட்டுவிட்டு, "எதுக்கும் கத்திரிக்காயையும் பாத்திரச் சொல்லு" என்றார். பார்க்கட்டும். கத்திரிக்காயைப் பார்க்கட்டும். எட்டாவதை மட்டும் நான் பார்க்கப் போவதில்லை. சமையலறையில் வைக்கிற மாதிரி ஒரு டைமரை முறுக்கி மேசையில் வைத்துவிட்டு ஸிஸ்டர் போய்விட்டாள், அது டிக்டிக்கென்று என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது சொட்டு அதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டது. அது எல்லாருக்கும் தடிக்கும், தடிக்க வேண்டும், தடிக்காவிட்டால் சோதனையே செல்லாது. ஹிஸ்டமின் என்ன செய்யும் என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பாடம் தெரிந்தால் அரிப்பு குறையுமா என்றால், குறையவில்லை. எந்த மருந்தியல் புத்தகத்திலும் இதை எழுதியிருக்கவில்லை: அரிக்கிற இடத்தைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்கிறதோ அவ்வளவு எரிச்சலாக வருகிறது.

படிவத்தில் இல்லை என்று டிக் அடித்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன், எனக்கே. வரவேற்பறையில் கொடுத்த படிவத்தில் ஒன்பதாவது கேள்வி, எப்போதாவது மூச்சுத்திணறல் வந்ததுண்டா. ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். பேனா இரண்டுக்கும் நடுவில் சற்று நின்றது, பிறகு இல்லைக்குப் போனது. யாரும் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. நான்தான். ஆராய்ச்சி மாணவி, முப்பத்திரண்டு வயது, சங்கரவடிவு, கீழே கையெழுத்து. பொய் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் டாக்டர்கள் மூச்சுத்திணறல் என்று எதைச் சொல்கிறார்களோ அது எனக்கு வந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? இப்படி யோசித்துத்தான் டிக் அடித்தேன். என்ன யோசனை. "காணாக்கடியா உங்களுக்கு?" என்கிறார் பக்கத்து நாற்காலி அம்மா. அவருக்கு இன்னும் குத்தவில்லை, முறைக்குக் காத்திருக்கிறார், கையில் ஒரு பை, பைக்குள் இன்னொரு பை. "எங்க மருமகளுக்கும் இப்படித்தான், உடம்பு பூரா. ஏதோ பூச்சி கண்ணுல படாமக் கடிச்சிட்டுப் போயிரும்லா. அருகம்புல்லும் மிளகும் அரைச்சு ஒரு மண்டலம் குடுத்தோம்." குறைந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் குறைந்தது என்பார், பிறகு ஏன் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நான் கேட்பேன், பிறகு பேச்சு வளரும். "இது பூச்சி இல்லம்மா" என்றேன். "பின்ன என்ன?" மாஸ்ட் செல் என்று சொல்லவா? மூன்றரை வருஷமாகச் சொல்லிச் சொல்லி அலுத்த சொல். "உள்ள இருந்து வாரது" என்றேன். "அதான் நானும் சொல்லுதேன், பித்தம்" என்றார், ஒரே நிம்மதியாக. நான் வலது கையை இடது கையின் மேல் கொண்டுபோகாமல் இருக்க, வலது கையை என் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன்.

பூச்சி இல்லை, பித்தமும் இல்லை. தோலுக்கடியில், மூக்கில், குடலில், ரத்தக் குழாய்களை ஒட்டி மாஸ்ட் செல்கள் இருக்கின்றன, இந்த அம்மாவுக்கும் இருக்கின்றன, ஸிஸ்டர் ரெஜினாவுக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் நூற்றுக்கணக்கில் குருணைகள், குருணை நிறைய ஹிஸ்டமின். தூண்டினால் குருணை வெளியே கொட்டும். கொட்டிய ஹிஸ்டமின் போய்த் தொடும் இடங்களுக்கு ரிசப்டர் என்று பெயர், பாடப்புத்தகத்தில் ஏற்பி. நான்கு வகை. முதல் வகையைத் தொட்டால் அரிப்பு, வீக்கம், தும்மல். நாம் போடும் மாத்திரை போய் அடைத்துக்கொள்வது அதைத்தான். பாடம் இதோடு முடிந்திருந்தால் எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் கொட்டத் தொடங்கிய செல் ஓர் அளவோடு ஏன் நிற்கிறது, முழுவதையும் ஏன் கொட்டித் தீர்ப்பதில்லை என்று யாராவது கேட்டாக வேண்டுமே. அந்த யாராவது நான். கொட்டிய ஹிஸ்டமினே திரும்பி வந்து, போதும், நிறுத்து என்று சொல்கிறது. அதுவரை எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். யாரிடம் சொல்கிறது என்பதில்தான் என் மூன்றரை வருஷமும் போனது. என் கைடு பேராசிரியர் சற்குணம் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்டுரை எழுதினார். மூன்றாம் வகை ரிசப்டர் மாஸ்ட் செல்லின் மேலேயே இருக்கிறது, செல் தன் ஹிஸ்டமினைத் தானே உணர்ந்து தானே அடங்குகிறது என்று. அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டு அறையில் மாட்டியிருக்கிறார். நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தது அதை இன்னும் கொஞ்சம் உறுதிப்படுத்துவதற்காக. உறுதிப்படவில்லை. எலியின் வயிற்றுக்குழியைக் கழுவி எடுத்த மாஸ்ட் செல்களைத் தனியாக வைத்து, மூன்றாம் வகையை எழுப்பும் மருந்தைக் கொடுத்துவிட்டுத் தூண்டினால், ஒன்றும் குறைவதில்லை, கொட்டுகிறபடி கொட்டுகிறது. அதையே எலியின் தோல் துண்டில் செய்தால் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. தோலில் கூடுதலாக என்ன இருக்கிறது? நரம்பு நுனி. மிளகாயின் காரச் சத்தைக் கொடுத்து அந்த நரம்பு நுனிகளை முன்கூட்டியே காலியாக்கிவிட்டுச் செய்தால், தோலிலும் குறைவதில்லை. அவ்வளவுதான். நிறுத்து என்ற சொல்லைக் கேட்பது மாஸ்ட் செல் இல்லை, பக்கத்தில் இருக்கும் நரம்பு. நரம்பு தன் பங்குக்குச் செல்லைக் கிள்ளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. ஹிஸ்டமின் வந்து தொட்டதும் கிள்ளுவதைக் குறைக்கிறது. செல்லும் கொட்டுவதைக் குறைக்கிறது. நாற்பத்தொரு தடவை செய்தேன். நாற்பத்தொரு தடவையும் இதேதான். எலிகள் பொய் சொல்வதில்லை, அவற்றுக்குக் கட்டுரை கிடையாது. சார் எண்களைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார், "வாஷிங் சரியில்ல" என்றார்.

போன் அடிக்கிறது. தொடைக்கடியிலிருந்து வலது கையை உருவி எடுத்தால் விரல் மரத்துப்போயிருக்கிறது. சற்குணம் சார். நினைத்தாலே அடிப்பாரோ என்னவோ. "வடிவு, எங்க இருக்க?" "வெளிய ஒரு சின்ன வேலையா வந்தேன் சார்." "பத்தரைக்கு லேபுக்கு வந்தேன், பூட்டியிருக்கு." "பதினொண்ணரைக்குள்ள வந்திருவேன் சார்." "அந்தத் தனிச் செல் செட் இன்னும் ஆறு தடவை பண்ணச் சொன்னேனே, என்னாச்சு?" "போன மாசமே பண்ணிட்டேனே சார். அதுவும் அப்படியேதான் வந்திச்சு." மறுமுனையில் அவர் மூச்சு விடுவது கேட்டது, தாராளமான நல்ல மூச்சு. "அப்படியேதான் வந்திச்சுன்னா உன் கையில ஏதோ தப்பிருக்குன்னு அர்த்தம். செல்லை நீ எடுக்கும்போதே அடிபட்டிருக்கும். அடிபட்ட செல்லு எதுக்கும் பதில் சொல்லாது. இன்னும் ஆறு பண்ணு. புது எலி எடு. நீயே எடு, சுடலைமுத்துகிட்ட விடாத." சொல்லியிருக்கலாம். அடிபட்ட செல் என்றால் தூண்டுவதற்கு முன்பே கொட்டியிருக்க வேண்டும் சார், அந்தக் கணக்கும் என் நோட்டில் இருக்கிறது, நூற்றுக்கு நாலுக்கு மேல் ஒரு நாளும் போனதில்லை என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் அன்றைக்குத் தோலைக் கரைத்து எடுத்த செல்களோடு நரம்புத் துணுக்குகளும் கலந்து வந்திருக்கும், அதில் உங்கள் குற்றம் ஒன்றுமில்லை, அன்றைக்குப் பிரித்தெடுக்க வசதியில்லை என்று எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், குளிக்கும்போது, பஸ்ஸில், தோசை திருப்பும்போது. "சரி சார்" என்றேன். சரி சார். மூன்றரை வருஷத்தில் எத்தனை சரி சார். போனை வைத்த பிறகுதான் கையில் அரிப்பு ஒரே இடத்தில் இல்லை என்பது தெரிந்தது. இரண்டாவது இடத்தில் இருந்தது, இப்போது மடிப்புக்குப் பக்கத்திலும் இருக்கிறது. மடிப்புக்குப் பக்கத்தில் எது? நான் பார்க்கப் போவதில்லை என்று சொன்னது. டைமரைப் பார்த்தேன். இன்னும் பதினொரு நிமிஷம்.

புது எலி எடு, நீயே எடு. எலிக்கூடத்துக்குள் போய் எடுக்க வேண்டும். கட்டடத்தின் பின்பக்கம், ஒரே ஒரு ஜன்னல், அதுவும் வெயில் படக்கூடாதென்று அட்டை ஒட்டியது. கூண்டுகளில் மரத்தூள், மரத்தூளில் மூத்திரம், மூத்திரம் காய்ந்து தூளோடு தூளாகப் பறக்கும். எலி கடித்தால்தான் ஆபத்து என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எலி பாட்டுக்கு மூலையில் தூங்கும், அதன் மூத்திரத்தில் இருக்கும் புரதம் காற்றில் வந்து மூக்கில் ஏறும். முதல் வருஷம் தும்மல். இரண்டாம் வருஷம் கண்ணில் தண்ணீர். கை தடிப்பது அதற்கப்புறம், கையுறையால்தான் என்று கையுறையை மாற்றினேன், பிராண்டை மாற்றினேன், பவுடர் இல்லாததாக வாங்கினேன். யாரை ஏமாற்ற? இதையே படிக்கிறவள். போன மாசம் ஒரு வியாழக்கிழமை, கூண்டை இழுத்துத் தட்டை மாற்றும்போது நெஞ்சில் ஒரு பட்டை விழுந்து இறுகின மாதிரி இருந்தது. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வர மறுக்கிறது. விசில் மாதிரி ஒரு சத்தம், எலி கத்துகிறது என்று நினைத்து எந்தக் கூண்டு என்று தேடினேன், தேடித் தேடி அது என் நெஞ்சிலிருந்து வருகிறது என்று தெரிவதற்குள் கால் மடங்கிவிட்டது. சுடலைமுத்து அண்ணாச்சிதான் தோளைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துவந்தார். எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவர், ஒன்பது வருஷமாக, இன்னும் ஒப்பந்த வேலைதான். ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தார், குனிஞ்சு இரி தாயி, முன்னால குனிஞ்சு இரி, வாயைக் குவிச்சு விடு என்று சொல்லிக்கொடுத்தார். அப்படியே செய்தேன், கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. இது உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி என்று கேட்டேன், பேச்சு வந்ததும். அவர் தரையைப் பார்த்தார். "எனக்கும் வரும்லா. கூடம் பெருக்குறப்போ வரும். வெந்நி குடிச்சாப் போயிரும்." எத்தனை வருஷமா? "அது கெடக்கு. நீங்க ஆசுபத்திரிக்குப் போனா என் பேரைச் சொல்லிராதீய தாயி. எலிக்குச் சேரலைன்னு தெரிஞ்சா என்னத் தூக்கிட்டு வேற ஆளப் போட்ருவாங்க. சின்னவ பிளஸ் டூ படிக்கா." சொல்ல மாட்டேன் என்றேன். மறுவாரம் எனக்குத் திரும்பவும் வந்தது, கொஞ்சம் லேசாக. அவர் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

ஆகவே அண்ணாச்சிக்காகத்தான் இல்லை என்று டிக் அடித்தேன். இப்படிச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கிறது. மூச்சுத்திணறல் உண்டு என்று எழுதினால் டாக்டர் கல்லூரிக்கு எழுதுவார், கல்லூரி எலிக்கூடத்தைச் சோதிக்கும், அண்ணாச்சியின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்பார்கள், ஒரு குடும்பத்தின் வேலை போகும். இத்தனையும் உண்மை. ஆனால் பேனா கட்டங்களுக்கு நடுவில் நின்றபோது என் மனதில் இருந்தது அண்ணாச்சியா? இல்லை, இன்னும் ஆறு தடவை. ஆறு தடவை முடிந்தால் சார் என் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்ற நினைப்பு. போடுவாரா? போன தடவையும் ஆறுதான் சொன்னார். அதற்கு முந்தின தடவை நாலு. அவர் விரும்பும் எண் வரும் வரைக்கும் அவர் எண்ணிக்கை சொல்லிக்கொண்டே இருப்பார், நான் சரி சார் சொல்லிக்கொண்டே இருப்பேன், எலிகள் செத்துக்கொண்டே இருக்கும், எனக்கும் அண்ணாச்சிக்கும் நெஞ்சு விசிலடிக்கும். அண்ணாச்சி என்கிட்ட கேட்டது ஒரு மறைப்பு. நான் அதை வாங்கி என் மறைப்புக்குமேல் போர்த்திக்கொண்டேன், பார்ப்பதற்கு நல்லவள் மாதிரி இருக்கட்டும் என்று. சே. அவர் மூச்சை நாளைக்குப் பார்க்கலாம் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளி வைத்துவிட்டு, அவருக்கு நல்லது செய்கிறேனாம். ஸிஸ்டர் ரெஜினா வந்து எட்டிப் பார்க்கிறாள். "மூச்சு ஒண்ணும் சிரமமில்லையே மேடம்?" எல்லாரிடமும் கேட்கிற கேள்வி, பக்கத்து நாற்காலி அம்மாவிடம் நேரம் கேட்பது மாதிரி. "இல்ல." எத்தனை சுலபமாக வருகிறது இல்ல. அவள் போன பிறகு என் மூச்சை நானே கவனிக்க ஆரம்பித்தேன், அதுதான் தப்பு. கவனிக்கத் தொடங்கினால் எந்த மூச்சும் சரியாக இருப்பதில்லை. உள்ளே. வெளியே. வெளியே போவது கொஞ்சம் நீளமாக இருக்கிறதா? தொண்டையில் ஏதோ இருக்கிற மாதிரி இருக்கிறதா, அல்லது காலையில் குடித்த காப்பியா? ஒரு சொட்டு, ஊசி முனையில் எத்தனை நுண்துளி போயிருக்கும், ஒன்றுமே இல்லை, ஆனால் ஒன்றுமே இல்லாததற்கு மாஸ்ட் செல் என்ன செய்யும் என்று நாற்பத்தொரு தடவை பார்த்திருக்கிறேன். வாயைக் குவித்து விட்டுப் பார்த்தேன், யாருக்கும் தெரியாமல். பக்கத்து அம்மா, "ஊதுதீயளே, எரியுதா?" என்றார். ஆமாம்மா, எரிகிறது.

பார்த்துவிட்டேன். பார்க்கப் போவதில்லை என்று எத்தனை நேரம்தான் ஜன்னலுக்கு வெளியே துணிக்கடை போர்டை வாசிப்பது? ஒன்று, ஒன்றுமில்லை. இரண்டு, ஒரு மொச்சைக்கொட்டை அளவு, சுற்றிலும் சிவப்பு, ஒழுங்கான பிள்ளை. மூன்றில் லேசாக ஒரு புள்ளி. நான்கு, ஐந்து சமதளம். கத்திரிக்காய் சுத்தம், வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும், வத்தக்குழம்பே வைத்துச் சொல்ல வேண்டும். ஏழு ஒன்றுமில்லை. எட்டு தடிப்பாக இல்லை, ஊர்வலமாக இருந்தது. நடுவில் வெளுத்துத் தூக்கி, ஓரத்தில் இரண்டு கால் நீட்டி முழங்கை மடிப்புக்குள் இறங்குகிறது, அதைச் சுற்றி அரை உள்ளங்கைக்குச் சிவப்பு. ஹிஸ்டமினை நேராகக் குத்தினதைவிட, என் செல்கள் எலிக்கென்று எடுத்துக் கொட்டினது பெரிது. எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, அழுகையும் இல்லை, கோபம்தான், அதுவும் செல்மேல். அளவாகக் கொட்டுவாய் என்று உன்னைப் பற்றி மூன்றரை வருஷம் எழுதியிருக்கிறேனே, நரம்பு எங்கே போனது, மூன்றாம் வகை எங்கே போனது, யாரும் நிறுத்தச் சொல்லவில்லையா? சொல்லியிருக்கும். நிறுத்தச் சொன்னதும் மூன்றில் ஒரு பங்குதான் குறையும், என் எண்ணே அதுதான். மீதி இரண்டு பங்கு கொட்டத்தான் செய்யும். எல்லாவற்றையும் அது நிறுத்திவிடும் என்று நான் எப்போது எழுதினேன்? எழுதவில்லை. நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. டைமர் கணகணவென்று அடித்தது, பக்கத்து அம்மா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

டாக்டர் ஹமீதா பானு என்னைவிடச் சின்னவராக இருப்பார் போலத் தெரிந்தது, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஒரு கண்ணாடி ஸ்கேலை என் கைமேல் வைத்தார். "ஒண்ணு பூஜ்யம். ரெண்டு அஞ்சு மில்லிமீட்டர். மூணு, ரெண்டு, அதக் கணக்குல எடுக்க வேண்டாம்." ஸிஸ்டர் எழுதிக்கொண்டே வந்தாள். "எட்டு..." ஸ்கேலைத் திருப்பி வைத்து இன்னொரு தடவை பார்த்தார். "பதினொண்ணு." படிவத்தை எடுத்தார். "எலியில எத்தனை வருஷமா வேலை?" "மூணரை." "மூச்சுத்திணறல் இல்லைன்னு போட்டிருக்கீங்க." அது கேள்வி மாதிரி இல்லை, அவர் ஒரு வரியை வாசித்தார், அவ்வளவுதான். தலையாட்டினால் போதும், அடுத்த வரிக்குப் போய்விடுவார். "தப்பா அடிச்சிட்டேன் டாக்டர்" என்றேன். "தெரியாமலா?" "தெரிஞ்சுதான். போன மாசம் ரெண்டு தடவை வந்தது. முதத் தடவை விழுந்திட்டேன்." அவர் ஸ்கேலைக் கீழே வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இத முன்னாடியே சொல்லியிருந்தா உங்க கையில எலியக் குத்தியே இருக்க மாட்டேன். ரத்தம் எடுத்துப் பாத்திருப்பேன். இங்க உக்காந்திருக்கும்போது அடைச்சிருந்தா? நீங்க படிச்சவங்க. படிக்காத ஆள் மறைச்சா எனக்குக் கோவம் வராது." ஸிஸ்டர் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து இழுத்து விடச் சொன்னார், ஒரு குழாயில் மூன்று தடவை ஊதச் சொன்னார், முள் நடுவிலேயே நின்றது, மூன்று தடவையும். ஆக, தொண்டையில் இருந்தது காப்பி இல்லை. பிறகு உறிஞ்சுகிற மருந்தை இரண்டு தடவை இழுக்க வைத்தார், பத்து நிமிஷத்தில் நெஞ்சுக்குள் கதவு ஒன்று திறந்த மாதிரி இருந்தது, எத்தனை நாளாக அது பாதி மூடியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. "இனிமே அந்தக் கட்டடத்துக்குள்ள நீங்க போகக்கூடாது. மாஸ்க் போட்டுக்கிட்டு, கொஞ்ச நேரம் மட்டும், இதெல்லாம் என்கிட்ட பேச வேண்டாம்." மாஸ்க், கொஞ்ச நேரம் மட்டும்: நான் சொல்லவென்று வைத்திருந்த இரண்டையும் அவரே சொல்லிவிட்டார். சொல்ல வேறொன்றும் இல்லாதபோது ஒரு வித்தியாசமான லேசு வந்தது, அதன்மேலும் எனக்கு எரிச்சல்தான். நாற்பத்தொரு தடவை. நாற்பத்தொன்று போதாது என்று சொல்ல இனி யாருக்கும் வழியில்லை, நாற்பத்திரண்டு கிடையாது. இருப்பதை எழுத வேண்டும். தனிச் செல்லில் குறையவில்லை, தோலில் குறைகிறது, நரம்பைக் காலி செய்தால் தோலிலும் குறையவில்லை. சார் கையெழுத்துப் போட மாட்டாரென்றால், ஏன் போடவில்லை என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்பேன். எழுத்தில் கேட்பேன். போனில் கேட்டால் சரி சார் வந்துவிடும்.

"கல்லூரிக்கு ஒரு கடிதம் குடுக்கேன்" என்றார் டாக்டர், எழுதத் தொடங்கி, தலையைத் தூக்கினார். "அங்க உங்களைத் தவிர வேற யாரும் தினமும் உள்ள போறாங்களா?" வாயில் வந்துவிட்டது, பல்லுக்குப் பின்னால் நிறுத்தினேன். "ஒருத்தர் இருக்காங்க. அவங்க கிட்ட கேட்டுட்டுத்தான் நான் சொல்லணும் டாக்டர்." "கேளுங்க. சீக்கிரம் கேளுங்க" என்றார். வெளியே மாடிப்படிக்குப் பக்கத்தில் வெயிலில் நின்று சுடலைமுத்து அண்ணாச்சியின் எண்ணை எடுத்தேன். நாலு தடவை மணி அடித்த பிறகு எடுத்தார். "அண்ணாச்சி, வடிவு பேசுதேன். எனக்கு எலி சேரல. இனிமே உள்ள வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க." பின்னால் தகர டப்பாவில் தீவனம் கொட்டுகிற சத்தம் கேட்டது, நின்றது. "என்னப் பத்திச் சொல்லிட்டீயளோ?" "இன்னும் சொல்லல. உங்களக் கேக்காமச் சொல்ல மாட்டேன். ஆனா கேக்கத்தான் போன் பண்ணேன்." டப்பாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது, நான் தொடர்ந்தேன். "இங்க ஒரு பொம்பள டாக்டர் இருக்காங்க. உங்களுக்குச் சேரலைன்னா வேற இடத்துக்கு மாத்திக் குடுங்கன்னு எழுதித் தருவாங்க." "மாத்துவாங்களா தாயி?" மாற்றுவார்கள் என்று சொல்லியிருக்கலாம். இன்றைக்குச் சொன்ன பொய்யெல்லாம் போதும் என்றிருந்தது. "தெரியல அண்ணாச்சி. மாத்தலைன்னா நானும் உங்க கூட ஆபீசுக்கு வந்து கேப்பேன். அவ்வளவுதான் எனக்குச் சொல்ல முடியும்." அவர் இருமினார், வாயைத் தள்ளி வைத்துக்கொண்டு இருமினார், போனில் அது தூரத்தில் கேட்டது. "படுத்தா இழுக்கு தாயி. நாலு மாசமா உக்காந்தேதான் தூங்குதேன். வீட்டுல முதுகுவலின்னு சொல்லி வச்சிருக்கேன்." நான் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், சூடாக இருந்தது, விடவில்லை. அங்கே கூடத்தின் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது, தாழ்ப்பாள் விழுகிற சத்தம், பிறகு அவர் குரல் வெளியிலிருந்து வந்தது, வெளிக்காற்றோடு. "அங்க வர எந்த பஸ்ல ஏறணும்?"